சிதறால் மலையும் முதுகுத்தண்டின் வரலாறும்

மனித உடலின் அமைப்பை அறிய விரும்புவோர் மருத்துவ நூல்களை நாடுவது இயல்பு. ஆயினும் ஓர் உறுப்பை நம் முன்னோர் எவ்வாறு அறிந்திருந்தனர், எவ்வாறு மதித்தனர், எவ்வாறு அவமதித்தனர் என்பதை அறிய வேண்டுமாயின் மருத்துவ நூல்கள் மட்டும் போதா. மலைக் குகைகளையும் சாலையோரக் கற்களையும் அரசாங்க விளம்பரங்களையும் நாம் பார்க்க வேண்டியிருக்கிறது. முதுகுத்தண்டு அத்தகைய ஓர் உறுப்பு. அதன் வரலாற்றைக் குமரி மாவட்டத்துச் சிதறாலிலிருந்து தொடங்குவது பொருத்தமாகும் என்று கருதுகிறோம்.

மார்த்தாண்டத்திலிருந்து ஏறத்தாழ 7 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது சிதறால். ஊரை அடுத்துள்ள குன்றின் பழம்பெயர் திருச்சாணத்துமலை. சாரணர் எனப்பட்ட சமணத் துறவியர் தங்கியிருந்தமையால் இப்பெயர் வந்தது என்பர். பெரும்பாறை ஒன்று மற்றொன்றின்மேல் கவிந்து இயற்கையாகவே அமைந்த குகையும், அதன் புறச்சுவரில் வரிசையாகச் செதுக்கப்பட்ட தீர்த்தங்கரர் உருவங்களும் அங்கு உள்ளன. ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணனின் 28-ஆம் ஆட்சியாண்டில், குணந்தாங்கி குரத்தியார் என்னும் பெண் துறவி இங்குள்ள பகவதிக்குப் பொன் அணிகலன் வழங்கியதைக் கல்வெட்டு கூறுகிறது. உருவங்களின் கீழுள்ள வட்டெழுத்துகளில், தமிழகத்தின் பல குன்றுகளில் சமணத் திருமேனிகளைச் செய்வித்த அச்சணந்தியின் பெயரும் காணப்படுகிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட இச்சின்னம் இன்று மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது.

உருவ வணக்கம் நமக்கு உடன்பாடான ஒன்றன்று. எனினும் வரலாற்றுச் சான்று என்ற முறையில் இவ்வுருவங்களை உற்று நோக்குதல் தவறாகாது. அவற்றில் இரண்டு நிலைகளை நாம் காண்கிறோம். ஒன்று, கால்களை ஒன்றன்மேல் ஒன்றாக மடித்து அமர்ந்திருக்கும் நிலை. மற்றொன்று, பாம்பின் படம் தலைமேல் கவிய, கைகள் உடலைத் தொடாமல் தொங்க, அசையாது நின்றிருக்கும் பார்சுவநாதரின் நிலை. பின்னதைக் காயோத்சர்க்கம் என்று சமண நூலோர் வழங்குவர்; உடலை விட்டுவிடுதல் என்பது அதன் பொருள். இரண்டு நிலைகளிலும் தலை, தோள், இடுப்பு ஆகியவை ஒரே செங்குத்துக் கோட்டில் அமைந்துள்ளன. ஆயினும் போர்வீரனின் விறைப்பு எதனையும் அவற்றில் காண முடியாது. தோள்கள் தளர்ந்திருக்கின்றன, மார்பு முன்னே தள்ளப்படவில்லை. நிமிர்வு வேறு, விறைப்பு வேறு என்பதைக் கல்லில் காட்டியிருக்கிறான் பெயர் தெரியாத அந்தச் சிற்பி.

இன்றைய உடற்கூற்றியல் இவ்வேறுபாட்டுக்குக் காரணம் கூறுகிறது. பிறக்கும்போது மனிதனின் முதுகுத்தண்டில் 33 முள்ளெலும்புகள் உள்ளன. கழுத்தில் 7, மார்புப் பகுதியில் 12, இடுப்பில் 5. இவை 24-ம் வாழ்நாள் முழுவதும் தனித்தனியே அசைவன. அதன்கீழ் உள்ள 5 எலும்புகள் ஒன்றாய் இணைந்து திரிகமாகவும், கடைசி 4 சிற்றெலும்புகள் வால் எலும்பாகவும் ஆகின்றன. அசையும் எலும்புகளுக்கிடையே மெத்தை போன்ற குருத்தெலும்பு வட்டுகள் உள்ளன. நடுவிலுள்ள குழாயில் தண்டுவடம் இறங்குகிறது. அதிலிருந்து 31 இணை நரம்புகள் பிரிகின்றன.

இத்தண்டு நேரான கோலன்று. பக்கவாட்டில் நோக்கினால் கழுத்திலும் இடுப்பிலும் முன்புறமாகவும், மார்பிலும் திரிகத்திலும் பின்புறமாகவும் வளைந்திருக்கிறது. தாயின் வயிற்றில் இருக்கும்போது குழந்தையின் முதுகு ஒரே வில்லாக வளைந்திருக்கும். தலையைத் தூக்கக் கற்கும்போது கழுத்தின் வளைவும், உட்கார்ந்து எழுந்து நடக்கக் கற்கும்போது இடுப்பின் வளைவும் உருப்பெறுகின்றன. ஆகவே நிமிர்வு என்பது நாம் ஒவ்வொருவரும் தவழும் பருவத்தில் உழைத்துப் பெற்ற செல்வம். எதிரெதிரான வளைவுகள் ஒன்றையொன்று சமன் செய்வதாலேயே தசைகள் மிகுதியாக வருந்தாமல் மனிதனால் நிற்க முடிகிறது. சிதறாலின் நின்ற உருவத்தில் நாம் காணும் அமைதி இந்தச் சமநிலையின் அமைதியே.

இவ்வறிவு வளர்ந்த வரலாற்றில் முஸ்லிம் மருத்துவர்களுக்கும் சிறப்பான இடம் உண்டு. கி.பி. 1037-இல் மறைந்த இப்னு சீனா, தம் ‘அல்கானூன்’ நூலில் முள்ளெலும்புகளைக் கழுத்தில் 7, மார்பில் 12, இடுப்பில் 5 என்று கணக்கிட்டார். திரிகத்துக்கும் வாலெலும்புக்கும் மும்மூன்று என்று கொண்டு மொத்தம் 30 எனக் கூறினார். அசையும் எலும்புகளின் கணக்கு இன்றும் மாறவில்லை. மரக்கலம் கட்டுவோர் முதலில் ஒரு மரத்தைக் கிடத்தி, மற்ற மரங்களையெல்லாம் அதனோடு பொருத்துவதைப் போன்றது முதுகுத்தண்டு என்று அவர் உவமை கூறினார். அந்த அடிமரத்தை நம் கடற்கரையில் ஏரா என்பர். தேங்காய்ப்பட்டணத்திலும் குளச்சலிலும் கலம் செலுத்திய நம் மக்களுக்கு இவ்வுவமையை விளக்க வேண்டியதில்லை.

முன்னோர் நூலில் உள்ளதையே திருப்பிச் சொல்வதோடு நம் அறிஞர்கள் அமைந்துவிடவில்லை. பகுதாதைச் சேர்ந்த அப்துல் லத்தீஃப், எகிப்தில் 1200 முதல் 1202 வரை கொடும் பஞ்சம் நிலவியபோது அங்கிருந்தார். மடிந்தோரின் எலும்புகள் குவிந்து கிடந்த இடத்துக்குச் சென்று தம் கண்ணாலேயே ஆராய்ந்தார். கீழ்த்தாடை இரண்டு எலும்புகளால் ஆனது என்று கிரேக்க மருத்துவர் காலன் எழுதியிருந்ததற்கு மாறாக, அது ஒரே எலும்பு என்று கண்டார். திரிக எலும்பையும் அவ்வாறே சோதித்தார். பெரியோர் சொல்லைக் காட்டிலும் கண்ணின் சான்று வலியது என்று அவர் துணிந்தது அறிவு வரலாற்றில் ஒரு பெரிய நிகழ்ச்சியாகும்.

அரபு மொழியில் முள்ளெலும்புக்கு ஃபகார் என்று பெயர். ஹஜ்ரத் அலீ (ரலி) அவர்களின் துல்ஃபகார் வாளின் பெயரிலும் இச்சொல் உண்டு. வறியவரைக் குறிக்கும் ஃபகீர் என்ற சொல்லும் இவ்வேரினின்றே வந்தது என்றும், வறுமையால் முதுகெலும்பு முறிந்தவர் என்பதே அதன் உட்பொருள் என்றும் அரபு அகராதி அறிஞர் சிலர் விளக்குவர். வறுமையை வயிற்றோடு இணைத்துப் பேசுவது நம் வழக்கம். அம்மொழியோ அதை முதுகோடு இணைத்தது.

தொழுகையிலும் முதுகுத்தண்டுக்கு உரிய இடத்தை நம் மார்க்கம் வகுத்திருக்கிறது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ருகூவில் தலையை உயர்த்தாமலும் தாழ்த்தாமலும் முதுகைச் சமமாக வைத்ததையும், ருகூவிலிருந்து எழுந்தபின் முள்ளெலும்புகள் யாவும் தத்தம் இடத்தை அடையும் அளவுக்கு நிமிர்ந்து நின்றதையும் நபித்தோழர்கள் அறிவித்துள்ளனர். நிற்றல், குனிதல், மீண்டும் நிமிர்தல், நெற்றியை நிலத்தில் வைத்தல் ஆகிய நான்கும் ஒரே ரக்அத்தில் அடங்குகின்றன. இவை உடற்பயிற்சிக்காக விதிக்கப்பட்டவை அல்ல. படைத்தவன் முன் மட்டுமே வளைய வேண்டிய முதுகு இது என்பதை நாள்தோறும் நினைவூட்டவே விதிக்கப்பட்டவை.

சிதறாலைச் சூழ்ந்த தென் திருவிதாங்கூரின் வரலாற்றை அறிந்தவர்கள் இக்கருத்தின் கனத்தை உணர்வர். அந்நாட்டில் ஒருவன் எவ்வாறு நிற்க வேண்டும், எவ்வாறு நடக்க வேண்டும் என்பதைச் சாதி வகுத்தது. தாழ்த்தப்பட்டோர் குறித்த தொலைவில் ஒதுங்கி நிற்க வேண்டியிருந்தது. சாணார் என்று அன்று அழைக்கப்பட்ட நாடார் பெண்கள் மேலாடை அணியவோ, தண்ணீர்க் குடத்தைப் பிறரைப்போல் இடுப்பில் எடுத்துச் செல்லவோ உரிமையற்றிருந்தனர். குடையும் செருப்பும் அச்சாதியினருக்கு விலக்கப்பட்டிருந்தன. பாதிரியார் சாமுவேல் மட்டீர் 1871-இல் வெளியிட்ட நூலில் இத்தடைகளைப் பட்டியலிட்டுள்ளார். குடத்தை எங்கே சுமப்பது என்பதைக்கூட ஒரு பெண்ணின் உடல் தானே முடிவு செய்ய முடியாத காலம் அது. மார்பை மூட முடியாத ஒருத்தி நெஞ்சை நிமிர்த்தி நடப்பது எங்ஙனம்? மானம் காக்க முதுகைக் கூனிக்கொள்வதன்றி அவளுக்கு வேறு வழி இருந்திருக்குமா?

இக்கூனலுக்கு எதிராக எழுந்த போராட்டமே தோள்சீலைக் கலகம். 1822-இல் தொடங்கிப் பல கட்டங்களாக நடந்த அது, 1859-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் உத்திரம் திருநாள் மன்னர் வெளியிட்ட விளம்பரத்தின் வாயிலாக வெற்றியின் முதற்படியை அடைந்தது. மேல்சாதிப் பெண்களைப் போலன்றி வேறு வகையில் மார்பை மறைக்கலாம் என்றே அவ்விளம்பரம் இசைவளித்தது. அதற்கு நான்காண்டுகள் முன்னர், 1855-இல், அடிமை முறை ஒழிக்கப்பட்டிருந்தது. சாமித்தோப்பில் தோன்றிய அய்யா வைகுண்டர் (மறைவு 1851), தலைப்பாகை மறுக்கப்பட்ட மக்களைத் தலைப்பாகை அணிந்து வழிபடுமாறு பணித்தார். தலையில் துணி கட்டியவன் தலையைத் தாழ்த்தான் என்று அவர் கருதினார் போலும். முதுகை நிமிர்த்துவதற்கு அந்நாட்டு மக்கள் கொடுத்த விலை இது.

சட்டம் நிமிர அனுமதித்த பின்னும் உழைப்பு குனியவைத்தது. பனையேறுவோர் மரத்தைத் தழுவி ஏறி இறங்கினர். சந்தைக்குச் செல்வோர் தலைச்சுமையுடன் பல கல் நடந்தனர். தக்கலையில் அடக்கமாகியுள்ள ஞானக் கவிஞர் பீர்முகம்மது அப்பா அவர்களும் நெசவு செய்து வாழ்ந்தவர் என்பது வழிவழிச் செய்தி. தறியில் குனிந்த முதுகின் வருத்தம் அப்பெரியாருக்கும் தெரிந்திருக்கும். சுமப்போரின் துன்பத்தை உணர்ந்த நம் முன்னோர் சாலையோரங்களில் சுமைதாங்கிக் கற்களை நாட்டினர். இரண்டு கற்களை நிறுத்தி, அவற்றின்மேல் ஆளுயரத்தில் ஒரு கல்லைக் கிடத்தியிருப்பர். பிறர் உதவியின்றிச் சுமையை இறக்கி வைக்கவும், குனியாமலே மீண்டும் தலைக்கேற்றவும் அது உதவியது. சூல்கொண்டு இறந்த பெண்ணின் நினைவாக அதை நாட்டும் வழக்கமும் இருந்தது. முதுகெலும்பின் இயல்பை அறிந்து செய்யப்பட்ட அறம் என்று இதனை நாம் சொல்லலாம்.

மரத்திலிருந்து விழுந்தவனும் அடிபட்டவனும் நாடியது வர்ம ஆசான்களை. குமரி மாவட்டம் இக்கலைக்குப் பெயர் பெற்றது. படுவர்மம் 12, தொடுவர்மம் 96 என 108 நிலைகளை அவர்கள் எண்ணினர். அடிபட்ட நிலையை இளக்கும் முறைகளும், எண்ணெயிட்டுத் தடவும் முறைகளும் அவர்களிடம் இருந்தன. சித்தர் மரபில் முதுகுத்தண்டுக்கு வீணாத்தண்டு என்று பெயர் வழங்குவதும் எண்ணத்தக்கது. ஆயினும் தண்டுவடம் அறுந்துபோனால் அதை மீண்டும் இணைக்கும் வித்தை அவர்களிடமும் இல்லை. இன்றைய மருத்துவத்திடமும் இல்லை. உயரத்திலிருந்து விழுந்தவரைத் தூக்கி உட்கார வைக்காமல், கழுத்தும் முதுகும் அசையாதபடி பலகையில் கிடத்தி மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும் என்பதை நாம் ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் கடமையாகும்.

சுவீடன் நாட்டு மருத்துவர் நாக்கெம்சன், 1960-களில் முதுகு வட்டுகளின் உள்ளே ஏற்படும் அழுத்தத்தை ஊசி செலுத்தி அளந்தார். படுத்திருக்கையில் அழுத்தம் மிகக் குறைவு. சுமையுடன் முன்குனிகையில் மிக அதிகம் என்று கண்டார். 1999-இல் வெளியான மற்றோர் ஆய்வு, உட்கார்ந்திருப்பதைப் பற்றிய அவர் கணக்கை மறுத்தாலும் இவ்விரண்டையும் உறுதி செய்தது. வட்டுகளுக்கு நேரடியான இரத்த ஓட்டம் இல்லை. உடல் அசையும்போது ஊறி வரும் நீரே அவற்றுக்கு உணவு கொண்டு வருகிறது. ஆதலின் ஒரே நிலையில் நெடுநேரம் இருப்பது, அந்நிலை எவ்வளவு அழகியதாயினும், முதுகுக்கு நன்மை செய்வதன்று. கைப்பேசியின்மேல் மணிக்கணக்கில் கவிழ்ந்திருக்கும் நம் இளைஞர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

இவ்வளவும் கூறியபின் ஒரு கேள்வி எஞ்சுகிறது. முதுகெலும்பு முறிந்தவன் நிமிர்வை இழந்தவனா? 1954-இல் நேர்ந்த விபத்தில் இடுப்புக்குக் கீழ் உணர்விழந்த டாக்டர் மேரி வர்கீஸ், வேலூரில் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்தார். தம்மைப் போன்றோருக்கென 1966-இல் மறுவாழ்வு நிலையம் அங்கே தோன்றக் காரணமானார். 1975-இல் கடற்படைத் தேர்வின்போது கழுத்தெலும்பு முறிந்து கைகால் செயலிழந்த எஸ். இராமகிருஷ்ணன், 1981-இல் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தை நிறுவினார். எத்தனையோ குழந்தைகள் அங்கே நடை பயின்றனர்.

நம் மார்க்கச் சட்டமும் இதற்கு விடை தருகிறது. நிற்க முடியாதவர் அமர்ந்து தொழலாம்; அதுவும் இயலாதவர் படுத்துத் தொழலாம்; அசைய முடியாதவர் சைகையால் தொழலாம். அவருடைய தொழுகை நின்று தொழுபவரின் தொழுகையைவிடத் தாழ்ந்ததன்று. எலும்பு வளைவதும் முறிவதும் இறைவனின் நாட்டம். ஆனால் பிறன் ஒருவனின் முதுகை வளைக்கும் உரிமையை அவன் எந்த மனிதனுக்கும் வழங்கவில்லை. தென் திருவிதாங்கூரின் வரலாறு நமக்கு விட்டுச் சென்றிருக்கும் பாடம் அது. நம் வீட்டில் வேலை செய்பவரும் நம் கடையில் சுமை தூக்குபவரும் நம் முன் எவ்வாறு நிற்கிறார்கள் என்று ஒருமுறை பார்ப்போமாக.