பின்சக்கரத்தின் விடுதலை

மயிலிறகேயானாலும் அளவு மீறி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்றார் வள்ளுவர். அச்சு தாங்கும் பாரத்தைக் குறித்து நெடுங்காலமாகவே யோசித்து வந்திருக்கிறோம். ஆனால் மோட்டார் சைக்கிளின் வரலாற்றில், அச்சின்மேல் அமர்ந்திருப்பவரின் முதுகெலும்பு மிகவும் பிந்தியே கவனம் பெற்றது.

இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களில் முன்சக்கரத்துக்கு மட்டுமே வில் இருந்தது. பின்சக்கரம் சட்டத்தோடு இறுகப் பிணைக்கப்பட்டிருந்தது. ஓட்டுபவரின் இருக்கைக்கு அடியில் இரண்டு சுருள்விற்கள் உண்டு. பின்னால் அமர்பவரோ ஏறக்குறைய அச்சுக்கு நேர்மேலே இருந்தார். பள்ளங்கள் யாவும் அவர் கணக்கிலேயே எழுதப்பட்டன.

மாற்று வழி தெரியாமல் இல்லை. பிலிப் வின்சென்ட் என்ற ஆங்கிலேயர் 1928-லேயே, பின்சட்டத்தை முக்கோணமாக அமைத்து, இருக்கைக்கடியில் வில் பொருத்தி, சக்கரம் மேலும் கீழும் அசைய வழி செய்துவிட்டார். எனினும் பின்சக்கரம் அசைந்தால் வண்டி தள்ளாடும், பிடிப்புக் குறையும் என்ற நம்பிக்கை ஓட்டுநர்களிடையே வேரூன்றியிருந்தது. சொகுசு கோழைகளுக்கானது என்ற எண்ணமும் அதற்குள் ஒளிந்திருந்தது எனலாம்.

இந்த நம்பிக்கையை உடைத்ததில் ராயல் என்ஃபீல்டு புல்லட்டுக்குப் பெரும்பங்கு உண்டு. 1948-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், ஊசற்கரமும் எண்ணெய் நிரப்பிய இரு ஷாக் அப்சார்பர்களும் கொண்ட மாதிரி வண்டிகளை அந்நிறுவனம் கரடுமுரடான பாதைப் போட்டியில் இறக்கியது. ஐயம் எழுப்பியோர் பலர். அதே ஆண்டு இத்தாலியின் சான் ரெமோவில் நடந்த சர்வதேச ஆறு நாள் போட்டியில் புல்லட் ஓட்டிய இருவர் தங்கப் பதக்கம் பெற்றனர். 1952-இல் ஜானி பிரிட்டன் ஸ்காட்லாந்தின் ஆறு நாள் போட்டியை புல்லட்டில் வென்றபோது வாதம் ஏறக்குறைய முடிந்துவிட்டது.

காரணம் எளியது. தரையை விட்டெழுந்த சக்கரத்துக்குப் பிடிப்பே கிடையாது. வில், சக்கரத்தை மீண்டும் தரைக்குத் தள்ளுகிறது. ஆனால் வில் மட்டும் இருந்தால் துள்ளல் ஓயாது. அந்தத் துள்ளலை, சிறு துளைகள் வழியே நெருக்கித் தள்ளப்படும் எண்ணெய் வெப்பமாக மாற்றி அடக்குகிறது. சொகுசும் பிடிப்பும் ஒரே செயலின் இரு பயன்கள்.

அந்த புல்லட்தான் நம் ஊருக்கும் வந்தது. 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ரெட்டிச் நிறுவனமும் கைகோத்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. திருவொற்றியூரில் ஆலை எழுந்தது. முழுக் குடும்பமும் ஒரே வண்டியில் ஏறும் நாட்டில், பின்சக்கரத்தின் அந்த இரு உருளைகள் சுமந்த பொறுப்பு சிறிதன்று.

அடுத்த பாய்ச்சல்கள் வேறிடங்களில் நிகழ்ந்தன. ஓயாது வேலை செய்யும் எண்ணெய் சூடேறி நுரைக்கும். நுரைத்த எண்ணெய்க்கு அடக்கும் ஆற்றல் இல்லை. பிரான்சின் டி கார்போன் 1953-இல், ஒற்றைக் குழாய்க்குள் மிதக்கும் பிஸ்டன் ஒன்றால் எண்ணெயையும் அழுத்தமேற்றிய வாயுவையும் பிரித்து வைத்தார். பெல்ஜியப் பொறியாளர் லூசியன் டில்கென்ஸ், இரண்டுக்குப் பதில் ஒரே நீண்ட ஷாக் அப்சார்பரைப் பெட்ரோல் தொட்டிக்கடியில் கிடத்தினார். அதை ஏற்ற யமஹாவில், ஸ்வீடனின் ஹாக்கன் ஆண்டர்சன் 1973-இன் 250 சி.சி. மோட்டோகிராஸ் உலகப் பட்டத்தை வென்றார். அடிப்படைக் கருத்து வின்சென்டின் முக்கோணத்துக்கு மிக நெருக்கமானது என்பதைக் கவனிக்க வேண்டும். 2008-இல் யமஹாவின் ஆர்15 வழியே ஒற்றை ஷாக் அப்சார்பர் நம் இளைஞர்களின் கனவிலும் இடம்பிடித்தது.

இன்று பழைய புல்லட்டுக்கு வாயு நிரப்பிய புதிய ஷாக் அப்சார்பர் மாட்டுவோர் பலர். அவர்களிடமும் அந்தப் பழைய நம்பிக்கை வேறு வேடத்தில் தொடர்வதைக் காண்கிறோம்: இறுக்கமாக இருந்தால்தான் வலுவானதாம். வில்லின் அடிவளையத்தைத் திருகினால் பின்பக்கம் உயருமே ஒழிய, வில்லின் கடினம் கூடுவதில்லை. ஏறுபவர்களின் எடைக்குப் பொருந்தாத கடின வில்லை மாட்டினால், காசு கொடுத்து 1930-க்குத் திரும்புகிறோம் என்றே பொருள்.

ஆகவே வில்லைத் தேர்ந்தெடுக்கும்போது ஓட்டுபவரின் எடையை மட்டும் சொன்னால் போதாது. பின்னால் அமர்பவரையும் கணக்கில் சேர்க்க வேண்டும். அந்தப் பள்ளங்களை நெடுங்காலம் வாய்திறவாமல் தாங்கியவர் அவரே.