நகலா, கணக்கா? எழுத்துவழி இசைக்குறியீட்டில் தாள அமைப்பின் தானியக்கம்

கர்நாடக இசையின் குறியீடு எழுத்தாலேயே ஆனது. குறில் ஸ்வரம் ஒரு மாத்திரை, நெடில் இரண்டு; காற்புள்ளி ஒன்று, அரைப்புள்ளி இரண்டு. 1904இல் எட்டயபுரத்திலிருந்து சுப்பராம தீட்சிதர் வெளியிட்ட ‘சங்கீத சம்பிரதாயப் பிரதர்சினி’ கமகக் குறிகளையும் சேர்த்து இவ்வகைக் குறியீட்டை அச்சில் நிலைநிறுத்தியது. ஆகவே, தட்டச்சு செய்த எழுத்தை இசைத்தாளாக மாற்றும் லிலிபாண்ட் போன்ற மென்பொருள் நமக்கு அந்நியமன்று. சிக்கல் எழுவது ஓர் அமைப்பு திரும்ப வரும் இடத்தில்தான்.

லிலிபாண்டில் ஒரு பகுதிக்குப் பெயரிட்டு, ‘ரிபீட்’ கட்டளையால் வேண்டிய தடவை விரிக்கலாம். ஆனால் அது ஸ்வரத்தையும் கால அளவையும் சேர்த்தே படியெடுக்கிறது. நம் இசையிலோ அமைப்பு நிற்கும், ஸ்வரம் நகரும். சதுஸ்ர ஜாதி துருவ தாள அலங்காரத்தைப் பாருங்கள்: ஸ ரி க ம | க ரி | ஸ ரி க ரி | ஸ ரி க ம. அடுத்த வரி ரிஷபத்தில் தொடங்கி இதே நடையில் செல்கிறது. முதல் ஸ்வரத்தைச் சுழி என்று கொண்டால் வரி முழுவதும் 0123, 21, 0121, 0123 என்னும் 14 எண்களில் அடங்கிவிடும். ஆரோகணத்தில் ஐந்து வரி, அவரோகணத்தில் திசை மாறி ஐந்து வரி; 140 ஸ்வரங்களும் இந்த ஒரே விதியிலிருந்து பிறக்கின்றன. புரந்தரதாசர் வகுத்ததாக மரபு சொல்லும் இந்தப் பாடத்தை நான் நிரல் என்றே கருதுகிறேன்.

மும்முறை வந்து சமத்தில் (தாளத்தின் தொடக்கத்தில்) முடியும் சொற்கட்டான மோராவில் இந்தக் கணக்கு இன்னும் கூர்மையாகத் தெரியும். ஒரு களை ஆதி தாளம் சதுஸ்ர நடையில் 32 மாத்திரை. ‘ததிகிணதொம்’ மும்முறை, இடையில் ஒவ்வொரு மாத்திரைக் கார்வை (நீட்டம்): 5+1+5+1+5, ஆக 17. சமத்தில் வந்து சேர 15 மாத்திரை கழித்து எடுக்க வேண்டும். ‘ததி,கிணதொம்’ என்று ஆறாக்கினால் மொத்தம் 20. எடுப்பு 12க்குப் பின்னேறும். வெறும் நகலெடுப்பு இதை அறியாது. சொல்லை மாற்றியவர் முன்னுள்ள வரிகளையும் கையால் திருத்த வேண்டியிருக்கும். கோபுச்ச யதியில் 7, 6, 5 எனத் தேயும் சொற்கட்டுக்கோ நகல் அறவே உதவாது. லிலிபாண்டில் ஸ்கீம் மொழியில் தனிச் செயற்கூறு எழுதி இவற்றைச் செய்யலாம். ஆனால் மிருதங்க ஆசிரியர் ஒருவரிடம் அதை எதிர்பார்ப்பது நியாயமன்று.

எண்விதிக்கு இன்னொரு பயனும் உண்டு. கல்லாவி முதல் ஓசூர் வரையுள்ள கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் வழங்குகின்றன. அலங்காரத்தை எண்விதியாகச் சேமித்தால் ஒரே கோப்பை மூன்று எழுத்திலும் அச்சிடலாம். ஆனால் தமிழில் தைவதமும் ‘த’, மிருதங்கச் சொல்லும் ‘த’; ஸ்வர வரியையும் சொற்கட்டு வரியையும் மென்பொருளுக்குப் பிரித்துச் சொல்லாவிட்டால் குழப்பம் உறுதி.

விதியை மட்டும் வைத்தால் மாணவன் எதைப் பார்த்துப் படிப்பான் என்ற எதிர்வாதம் புறக்கணிக்கத் தக்கதன்று. அச்சில் எல்லாம் விரிந்தே வரவேண்டும். சுருக்கம் மூலக்கோப்பில் இருந்தால் போதும். மென்பொருள் அமைப்போர் சொற்கட்டு, கார்வை, சேருமிடம் ஆகிய மூன்றைப் பெற்று எடுப்பைத் தானே கணிக்கும் ஒரு கட்டளையை முதலில் தரவேண்டும். பாடங்களைக் கணினியேற்றும் இசை ஆசிரியர்கள், விரித்த வரிகளோடு அவற்றின் கணக்கையும் இப்போதே எழுதி வைக்க வேண்டும்.