'வயதுவந்தோர்' யார்? – திரைப்படத் தணிக்கையும் ஊவாத் தோட்ட மக்களும்

திரைப்படத்தின் தொடக்கத்தில் காட்டப்படும் தணிக்கைச் சான்றிதழை நாம் பொதுவாக ஓர் ஒழுக்க விதியாகவே கருதுகிறோம். ஆபாசம், வன்முறை ஆகியவற்றினின்று சிறுவரைக் காப்பதே அதன் நோக்கம் என்பர். இக்கூற்றில் உண்மை உண்டு. ஆயினும் முழு உண்மை அதுவன்று. 'வயதுவந்தவர்' யார் என்பதைத் தீர்மானிக்கும் அதிகாரம் எவரிடம் இருந்தது என்று வினவும்போதே அச்சான்றிதழின் சமூக வரலாறு துலக்கமுறுகின்றது. பதுளையையும் அதனைச் சூழ்ந்த ஊவாத் தோட்டங்களையும் மனத்திற்கொண்டு இவ்வினாவை இங்கு ஆராய்வோம்.

1912ஆம் ஆண்டு இவ்வகையிற் குறிப்பிடத்தக்கது. அவ்வாண்டில் பிரித்தானியாவில் திரைப்படத் தொழிலினரே தணிக்கைச் சபையொன்றை நிறுவினர். மறு ஆண்டு முதல் அது யாவர்க்கும் உரியவை, வயதுவந்தோர்க்கே கூடுதலாகப் பொருந்துபவை எனப் படங்களை இருவகைப்படுத்தியது. அதே 1912இல் இலங்கையில் 7ஆம் இலக்கப் பொதுக்காட்சிகள் கட்டளைச் சட்டம் பிறந்தது. அங்கே வயதுப் பாகுபாடு. இங்கே அரசின் அனுமதிப்பத்திரம். ஆளும் நாட்டின் குடிமகன் வயதுக்கேற்பப் பார்வையாளனானான். ஆளப்பட்ட நாட்டின் மக்களோ ஒட்டுமொத்தமாகக் கண்காணிப்புக்குரியோராயினர்.

இதன் பின்னணியிலிருந்த அச்சத்தை அயல்நாடான இந்தியாவின் அனுபவம் தெளிவாக்குகின்றது. மேலைநாட்டுப் படங்கள் வெள்ளையரின் மதிப்பைக் 'கல்லாத' மக்கள் முன் குறைத்துவிடும் என்ற கவலை 1920களில் ஆட்சியாளரிடையே பரவியிருந்தது. ரங்காச்சாரியார் தலைமையில் 1927-28இல் விசாரணை நடத்திய குழு நியமிக்கப்பட்டமைக்கு இக்கவலையும் ஒரு காரணமாகும். நரைத்த தலையினரும் இங்கே சிறுவராகவே மதிக்கப்பட்டனர் என்பது மனங்கொள்ளத்தக்கது.

இம்மனப்பான்மையின் மறுபக்கத்தைத் தோட்டத்திற் காணலாம். 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிக் கட்டளைச் சட்டம் பத்து வயதுக்குட்பட்டோரை வேலைக்கமர்த்துவதைத் தடுத்தது. ஆண், பெண், சிறுவர் என மூவகைக் கூலிக்கும் வழிவகுத்தது. பதினொரு வயதுச் சிறுவன் காலைப் பெரட்டில் நின்றபோது அவனது பிஞ்சு வயது எவரையும் தடுக்கவில்லை. உழைப்புக்கு வேண்டியபோது சிறுவன் வளர்ந்தவனானான். உரிமை கேட்டபோது அவன் தந்தை சிறுவனாக்கப்பட்டான். 1940இல் பதுளைக்கு அண்மையிலுள்ள வெவெஸ்ஸத் தோட்டத்துத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்து, தாமே தேர்ந்தெடுத்த சபையின் வாயிலாகத் துரையுடன் பேசினர். இவர்களுக்குப் பாதுகாவலர் தேவையில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

இந்தியாவில் 'ஏ' சான்றிதழ் 1949ஆம் ஆண்டின் சட்டத் திருத்தத்தால் வந்தது. 1951இல் வெளியான 'மர்மயோகி' தமிழில் அதனைப் பெற்ற முதற் படமாகக் கூறப்படுகின்றது. அதற்குக் காரணம் காமமன்று, பேய்க் காட்சியே. இன்று குழந்தைகளும் கண்டு சிரிக்கும் பேய் அன்று வளர்ந்தோர்க்கு மட்டுமே உரியதாயிற்று. 'வயதுவந்தோர்க்குரியது' என்பதன் உள்ளடக்கம் நிலையானதன்று, காலந்தோறும் மாறுவது என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு. 1983இல் பெற்றோர் வழிகாட்டலுக்குரிய 'யூஏ' சேர்ந்தது. 2023ஆம் ஆண்டின் திருத்தம் அதனை 7, 13, 16 என்னும் வயதுகளால் மேலும் பகுத்தது.

இலங்கையில் 1931இல் சர்வசன வாக்குரிமை வந்தபோதும், வதிவிட நிபந்தனைகள் தோட்டத் தொழிலாளர் பலரை அதற்கு வெளியே நிறுத்தின. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவர்களுட் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது. 'வயதுவந்தவர்களுக்கு மட்டும்' என்ற படத்துக்குச் சீட்டு வாங்கக்கூடிய தொழிலாளி, வாக்குச்சாவடியில் வயதுவந்தவனாகக் கொள்ளப்படவில்லை. நாடற்ற நிலையில் எஞ்சியிருந்தோரின் குறை தீர 2003ஆம் ஆண்டின் சட்டம் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

குடியுரிமையுடையோரின் நிலையும் முற்றிலும் வேறுபட்டதன்று. மகனின் மரணத்தை ஏற்க மறுக்கும் ஒரு சிப்பாயின் தந்தையைப் பற்றிய பிரசன்ன விதானகேயின் 'புரஹந்த களுவர', தணிக்கையைக் கடந்தும் 2000ஆம் ஆண்டில் அமைச்சரின் தலையீட்டால் தடைப்பட்டது. 2001இல் உயர் நீதிமன்றத் தீர்ப்பின் பின்னரே அது திரைக்கு வந்தது. போர்க்காலத்தில் நாட்டு மக்கள் அனைவருமே மீண்டும் சிறுவராகக் கருதப்பட்டனர் எனலாம்.

இவற்றால் வயதுப் பாகுபாடு தேவையற்றது என்ற முடிவுக்கு வருதல் தவறாகும். கைத்தொலைபேசியில் எப்படமும் லயத்து அறைக்குள் நுழையக்கூடிய இந்நாளில், பிள்ளைகளைக் காக்கும் பொறுப்பு முன்னிலும் பெரிது. ஆனால் பெற்றோர்க்கு விவரமளித்து முடிவை அவர்களிடம் விடும் வகைப்படுத்தல் வேறு. வளர்ந்தோரையும் பிள்ளைகளாக்கும் தடை வேறு. முன்னையதை வரவேற்கவும் பின்னையதை எதிர்க்கவும் முற்போக்காளர் கடமைப்பட்டுள்ளனர். பெரட்டுக்களத்தில் பிள்ளைகளைக் காக்கத் தவறிய ஆளும் வர்க்கம், திரையரங்கின் வாயிலில் மட்டும் காவலனாக நின்றதன் உட்பொருளை ஊவாத் தோட்டங்களின் வரலாறு நமக்குப் புலப்படுத்துகின்றது.