கோட்டார்ட் கணவாய்ச் சாலை

சுவிட்சர்லாந்தின் நடுவே ஆல்ப்ஸ் மலையை வடக்குத் தெற்காகக் கடக்கும் பழைய மலைவழி. வடக்கில் ஜெர்மன் பேசும் ஊரி மாநிலத்தையும் தெற்கில் இத்தாலியம் பேசும் டிச்சினோ மாநிலத்தையும் இணைக்கிறது. உச்சியின் உயரம் 2,106 மீட்டர். வடசரிவில் இறங்கும் ரொய்ஸ் ஆற்று நீர் ரைன் வழியாக வடகடலுக்குப் போகிறது. தென்சரிவின் டிச்சினோ ஆறு போ நதியில் கலந்து ஏட்ரியாட்டிக் கடலை அடைகிறது. காரில் வருவோரில் பெரும்பாலோர் மலைக்கு அடியிலுள்ள சுரங்கத்தில் நுழைந்து கால்மணி நேரத்தில் மறுபுறம் போய்விடுகின்றனர். மேலே ஏறிச் செல்பவருக்கு எங்கெங்கே வண்டியை நிறுத்துவது என்ற யோசனை அதிகம் தேவையில்லை. முற்காலத்துப் பொதிக்காரர்கள் சுங்கம் கட்டவும், சுமை மாற்றவும், இரவு தங்கவும் நின்ற இடங்களே இன்றும் நிற்கத்தக்க இடங்கள்.

பாதை திறந்த வரலாறு

கோட்டார்ட் ஆல்ப்சின் மூத்த கணவாய் அன்று. ரோமானியர் மேற்கே பெரிய செயின்ட் பெர்னார்ட் கணவாயையும் கிழக்கே கிராவ்புண்டன் பகுதிக் கணவாய்களையும் பயன்படுத்தினர். இப்பக்கம் பெருவழி எதுவும் அவர்கள் போடவில்லை. தடை உச்சியில் இல்லை, வடக்கு அடிவாரத்துக்குச் சற்று மேலே இருந்தது. அண்டர்மாட்டுக்கும் கோஷெனனுக்கும் இடையே ரொய்ஸ் ஆறு கருங்கல்லை அறுத்துக்கொண்டு பாயும் ஷோலனன் என்னும் இடுக்கில் மனிதன் கால் வைக்கவே இடம் கிடையாது. 13-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இத்தடை நீங்கியது. ஆற்றின் குறுக்கே ஒரு மரப்பாலம் எழுந்தது. அதற்கு மேலே, செங்குத்துப் பாறையின் விலாவை ஒட்டிப் பலகை நடைபாதை ஒன்று அமைந்தது. அது சங்கிலிகளில் தொங்கியது என்பது மரபுச் செய்தி. வாலைஸ் பகுதியிலிருந்து வந்து உர்சரன் பள்ளத்தாக்கில் குடியேறிய வால்சர் மக்கள் பாறை விளிம்பில் நீர்க்கால்வாய் கட்டுவதில் கைதேர்ந்தவர்கள். ஆகவே இவை அவர்கள் கைவேலை என்று கொள்வதே பொருத்தம்.

பாதை திறந்த சில ஆண்டுகளுக்குள் அரசியல் மாறியது. 1231-இல் ஜெர்மானிய அரசர் ஹென்றி ஊரியை ஹாப்ஸ்பர்க் குடும்பத்தாரிடமிருந்து மீட்டுப் புனித ரோமப் பேரரசின் நேரடி ஆளுகையில் வைத்தார். மேய்ச்சல் நிலம் தவிர வேறு செல்வம் இல்லாத ஒரு பள்ளத்தாக்கு இத்தனை மதிப்புப் பெற்றதற்குக் கணவாயே காரணம். 1291-இல் ஊரி, ஷ்வீட்ஸ், உண்டர்வால்டன் ஆகிய மூன்றும் செய்துகொண்ட உடன்படிக்கையையும் இந்தச் சாலையோடு இணைத்துப் பார்ப்பதுண்டு. கோட்டார்ட் இல்லையேல் சுவிஸ் கூட்டமைப்பு இல்லை என்பாரும் உண்டு.

பொதிப் போக்குவரத்துக்குக் கண்டிப்பான ஒழுங்கு இருந்தது. ஒவ்வொரு ஊர்ச் சமுதாயத்துக்கும் வழியில் ஒரு பகுதி உரிமை. அப்பகுதிக்குள் அந்த ஊர்ப் பொதிக்காரரே சுமை ஏற்றலாம். எல்லை வந்ததும் சரக்கைக் கிடங்கில் இறக்கி அடுத்த ஊராரிடம் ஒப்படைக்க வேண்டும். இக்கிடங்குக்கு ‘சூஸ்ட்’ என்று பெயர். தெற்கிலிருந்து வைனும் அரிசியும் வந்தன. வடக்கிலிருந்து பாலாடைக்கட்டியும் தோலும் போயின. மாடுகள் மந்தை மந்தையாக லொம்பார்டிச் சந்தைகளுக்கு ஓட்டிச் செல்லப்பட்டன.

ஷோலனன் பாலத்துக்குப் பிசாசுப் பாலம் என்று பெயர். மனிதரால் முடியாத வேலையைப் பிசாசு முடித்துக் கொடுத்ததாம். கூலியாகப் பாலத்தை முதலில் கடக்கும் உயிரைக் கேட்டதாம். ஊரி மக்கள் ஓர் ஆட்டுக்கடாவை விரட்டிவிட்டனர். ஏமாந்த பிசாசு பாலத்தை உடைக்கப் பெரும்பாறையைத் தூக்கி வந்தது. வழியில் ஒரு மூதாட்டி அதன்மேல் சிலுவை கீறியதால் பாறை கைநழுவிக் கோஷெனன் அருகே விழுந்தது. கதை இவ்வளவுதான். ஆனால் பாறை உண்மை. சுமார் 220 டன் எடையுள்ள அக்கல், நெடுஞ்சாலை போடும்போது குறுக்கே நின்றதால், 1977-இல் 127 மீட்டர் தள்ளி நகர்த்தப்பட்டது. பிசாசின் கல்லை வெடிவைத்துத் தகர்க்க ஊராருக்கு மனம் வரவில்லை.

மரப்பாலத்துக்குப் பதில் 1595-இல் கற்பாலம் வந்தது. டிச்சினோவைச் சேர்ந்த பொறியாளர் பியெத்ரோ மொரெட்டினி 1707-08-இல் பாறையைக் குடைந்து 64 மீட்டர் நீளச் சுரங்கம் ஒன்றை அமைத்ததும் தொங்கு நடைபாதைக்கு வேலை இல்லாமல் போயிற்று. ஆல்ப்ஸ் சாலைகளில் குடையப்பட்ட மிகப் பழைய சுரங்கங்களுள் இதுவும் ஒன்று. வண்டி செல்லும் அகலமான சாலை முழுவதும் முடிந்தது 1830-இல். அதோடு இரண்டாம் பாலமும் எழுந்தது. கைவிடப்பட்ட முதற்கற்பாலம் 1888-இல் புயல்மழையில் இடிந்து விழுந்தது. அடித்தாங்கல்களின் எச்சம் இன்றும் ஆற்றோரம் தெரிகிறது. இப்போது கார்கள் ஓடுவது 1950-களில் கட்டிய மூன்றாம் பாலத்தில்.

1842 முதல் பத்துப் பேர் அமரும் ஐந்து குதிரைத் தபால் வண்டி நாள்தோறும் ஓடியது. வண்டிக்கு முன்னால் வெருண்டோடும் கன்றுடன் ருடால்ஃப் கோலர் 1873-இல் தீட்டிய ஓவியம் சூரிக் கலைக்கூடத்தில் உள்ளது. அது, ரயில்பாதைத் திட்டத்தின் தலைவர் ஆல்ஃப்ரெட் எஷருக்குப் பரிசளிக்க வரையப்பட்டது என்பதில் ஒரு முரண் உண்டு. அந்த வண்டியை ஒழித்தது அவருடைய ரயில்.

வழிநிறுத்தங்கள்

வடக்கிலிருந்து தெற்கே போவதே முறை. லூசெர்ன் ஏரியின் தென்முனைக்கு அருகிலுள்ள ஆல்ட்டோர்ஃபில், ரிச்சர்ட் கிஸ்லிங் வடித்து 1895-இல் நிறுவப்பட்ட வில்ஹெல்ம் டெல் சிலை நிற்கிறது. அடுத்து வாஸன். ரயில்பாதை மலைக்குள் சுற்றிச்சுற்றி ஏறுவதால் இவ்வூர்த் தேவாலயத்தை ரயில் பயணி மூன்று முறை பார்ப்பார். காரில் செல்பவருக்கு அந்தப் பேறு இல்லை.

கோஷெனனில் 1882-இல் திறந்த 15 கிலோமீட்டர் ரயில் சுரங்கத்தின் வாயில் இருக்கிறது. ஒப்பந்தக்காரர் லூயி ஃபாவ்ர் 1879-இல் சுரங்கத்துக்குள்ளேயே மயங்கி விழுந்து இறந்தார். 1875-இல் வேலைநிறுத்தம் செய்த இத்தாலியத் தொழிலாளர்மீது துப்பாக்கிச் சூடு நடந்து நால்வர் மாண்டனர். இவ்வேலையில் உயிரிழந்தவர்களுக்காக வின்சென்சோ வேலா வடித்த புடைப்புச் சிற்பம் மறுகோடியில், அய்ரோலோ ரயில் நிலையத்தில் உள்ளது. சுரங்க வாயிலையும் இச்சிற்பத்தையும் ஒரே நாளில் பார்ப்பது நல்லது.

ஷோலனன் இடுக்கில் அரை மணியாவது நிற்க வேண்டும். 1799 செப்டம்பரில் ரஷ்யத் தளபதி சுவோரவ் பிரெஞ்சுப் படையை எதிர்த்துப் பிசாசுப் பாலத்தை வீரத்துடன் கைப்பற்றினார். பாறையில் குடைந்த 12 மீட்டர்ச் சிலுவை 1898-இல் அதற்காக எழுந்தது. ஆல்ட்டோர்ஃபை எட்டிய பிறகுதான், ஏரிக்கரையோரமாக மேற்கொண்டு செல்லச் சாலையே இல்லை என்பது அவருக்குத் தெரிந்தது. இன்று அக்கரையோரம் ஓடும் ஆக்சன் சாலை 1865-இல்தான் திறந்தது. சோர்ந்த படை மீண்டும் மலைமேல் ஏறிப் பெரும் இழப்புக்கு ஆளானது.

இடுக்கு முடிந்ததும் உர்சரன் பள்ளத்தாக்கு திடீரென விரிகிறது. பலர் அண்டர்மாட்டில் தங்குகின்றனர். பழமையை நாடுவோர் அடுத்த ஊரான ஹோஸ்பென்டாலில் 13-ஆம் நூற்றாண்டுக் காவற்கோபுரத்தடியில் நிற்கலாம்.

உச்சியில் சிற்றேரிகளும் வழுவழுப்பான பாறைகளும் காணப்படுகின்றன. 1131-இல் புனிதராக அறிவிக்கப்பட்ட ஹில்டஸ்ஹைம் ஆயர் கோட்டஹார்டின் பெயரில் இங்கே சிற்றாலயம் எழுந்தது. கணவாய்க்குப் பெயர் தந்தவர் அவரே. அருகிலிருந்த சத்திரத்தை 17-ஆம் நூற்றாண்டில் கப்புச்சின் துறவிகள் ஏற்று நடத்தினர். 1775-இல் பனிச்சரிவு அதை அழித்தது. இரண்டே ஆண்டில் மீண்டும் கட்டினர். கவிஞர் கெதே 1775, 1779, 1797 ஆகிய மூன்று ஆண்டுகளில் இங்கே வந்தார். பழைய சூஸ்ட் கட்டடம் இப்போது அருங்காட்சியகம்.

உச்சியிலிருந்து அய்ரோலோவுக்கு இறங்கும் ட்ரெமோலா, கல் பாவிய 24 கொண்டை ஊசி வளைவுகள் கொண்டது. பொறியாளர் ஃபிரான்செஸ்கோ மெஸ்கினியின் படைப்பு. பக்கத்திலேயே அகலமான புதுச்சாலை இருக்கிறது; அதில் போவது நேரத்தை மிச்சப்படுத்தும், அவ்வளவே. வளைவுகளை முழுமையாகப் பார்க்க வேண்டுமென்றால் கீழே இறங்கிய பின் திரும்பி ஒருமுறை ஏறலாம். சைக்கிள்காரர்கள் மிகுதி, நிதானம் தேவை.

அய்ரோலோவுக்குத் தெற்கே ரோடி-ஃபியெசோவில் 16-ஆம் நூற்றாண்டுச் சுங்க மனை. ஜொர்னிகோவில் ரோமனெஸ்க் பாணியில் கட்டிய சான் நிக்கோலாவோ தேவாலயம். மிலான் படையைச் சுவிஸ் வீரர்கள் 1478-இல் தோற்கடித்ததும் ஜொர்னிகோவில்தான். பெலின்சோனாவின் மூன்று கோட்டைகள் 2000 முதல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னம்.

இன்றைய நிலை

கணவாய்ச் சாலை பனிக்காலத்தில் மூடப்படும்; பொதுவாக மே கடைசி முதல் அக்டோபர் வரை செல்லலாம். 1980-இல் திறந்த 16.9 கிலோமீட்டர்ச் சாலைச் சுரங்கத்தில் 2001-இல் நேர்ந்த தீவிபத்து 11 பேரைப் பலிகொண்டது. 57 கிலோமீட்டர் அடித்தள ரயில் சுரங்கம் 2016-இல் திறக்கப்பட்டது. சாலைச் சுரங்கத்துக்கு இணையாக இரண்டாவது சுரங்கம் தோண்டப்பட்டு வருகிறது.