கிறிஸ்தவப் புதினங்களின் தொடக்கம்

விசுவாசத்தை மையமாகக் கொண்ட புனைகதைகளில் நிலைத்து நின்றவை போதனையோடு தொடங்குவதில்லை. ஒரு மனிதரின் நெருக்கடியோடு தொடங்குகின்றன. ஜான் பனியனின் ‘மோட்சப் பிரயாணம்’ (1678) கந்தை உடுத்து, கையில் புத்தகமும் முதுகில் பெருஞ்சுமையுமாகக் கதறும் ஒருவனைத் தொடக்கத்திலேயே நம்முன் நிறுத்துகிறது. அவனுக்கு இன்னும் வழி தெரியாது, வாசகருக்கும் தெரியாது. அந்தச் சமநிலைதான் நம்மை அவனோடு நடக்கவைக்கிறது. பனியனின் இந்நூலைத் தழுவியே எச். ஏ. கிருஷ்ணபிள்ளை ‘இரட்சணிய யாத்திரிகம்’ இயற்றினார். ஜேனட் ஓக்கின் ‘லவ் கம்ஸ் சாஃப்ட்லி’ (1979) குடியேறச் செல்லும் வழியில் கணவனை இழந்த இளம்பெண்ணோடு தொடங்குகிறது. மெரிலின் ராபின்சனின் ‘கிலியட்’ (2004) சாவை எதிர்நோக்கும் முதிய போதகர் தம் சிறு மகனுக்கு எழுதும் கடிதம்.

லூ வாலஸின் ‘பென்ஹர்’ (1880) இதற்கு மாறாகப் பாலைவன வருணனையோடு தொடங்கியும் பெருவெற்றி பெற்றதே எனலாம். ஆனால் அங்கே சந்திக்கும் மூன்று ஞானிகளும் தேடிப் புறப்பட்டவர்களே. முதல் பக்கத்தைக் கொண்டு ஒரு நூலைப் பரிந்துரைப்பது மேலோட்டமானது என்ற மறுப்பும் உண்டு. முடிவின் தரத்தை முதல் பக்கம் சொல்லாது, உண்மை. ஆனால் எழுத்தாளர் வாசகரைத் தேடலுக்கு அழைக்கிறாரா, பாடம் நடத்துகிறாரா என்பதை அது தெளிவாகக் காட்டிவிடும். இவ்வகைப் புதினங்களைப் புதிதாக வாசிப்பவர்கள் ‘கிலியட்’டிலிருந்து தொடங்கலாம்.