நடுவர் இல்லாத ஆட்டம்: துனிசியா அமைக்கத் தவறிய நீதிமன்றம்

சர்வாதிகாரியை விரட்டுவது கடினமா, விரட்டிய பிறகு நாட்டை நடத்துவது கடினமா? 2011ஆம் ஆண்டு தொடங்கி அரபு நாடுகள் இந்தக் கேள்விக்கு விடை தேடி வந்துள்ளன. அந்தப் பயணத்தில் மற்றவர்களைக் காட்டிலும் நெடுந்தூரம் சென்ற நாடு துனிசியா. அதனாலேயே அது இடறி விழுந்த இடம் கூர்ந்து பார்க்க வேண்டிய ஒன்றாகிறது.

துனிசியா 1956ஆம் ஆண்டு பிரான்சிடமிருந்து விடுதலை பெற்றது. 1957 ஜூலை 25ஆம் தேதி குடியரசானது. அன்று முதல் 2011 வரை, ஏறத்தாழ 54 ஆண்டுகள், அந்நாட்டு மக்கள் பார்த்தது இரண்டே அதிபர்களைத்தான். முதலாமவர் ஹபீப் புர்கீபா. இரண்டாமவர், 1987ஆம் ஆண்டு அவரை அகற்றிவிட்டு வந்த பென் அலி.

2010 டிசம்பர் 17ஆம் தேதி, சிடி பூசிட் என்ற ஊரில், தள்ளுவண்டியில் பழமும் காய்கறியும் விற்றுக் குடும்பத்தைக் காப்பாற்றி வந்த 26 வயது முகமட் புவாசிசியின் பொருள்களை அதிகாரிகள் பறிமுதல் செய்தனர். தராசும் போயிற்று. முறையிடச் சென்ற இடத்தில் அவருக்குச் செவிசாய்க்க ஆளில்லை. ஆளுநர் அலுவலகத்தின் முன்னாலேயே அவர் தீக்குளித்தார். 2011 ஜனவரி 4ஆம் தேதி உயிர் பிரிந்தது. அடுத்த பத்தாவது நாள், பென் அலி விமானமேறி சவூதி அரேபியாவுக்குத் தப்பியோடினார். 23 ஆண்டு ஆட்சி நான்கே வாரங்களில் முடிவுக்கு வந்தது.

வீதிக்கு வந்த மக்கள் கேட்டவை மூன்று: வேலை, சுதந்திரம், தன்மானம். இந்த மூன்றும் கிடைத்தனவா?

எகிப்து போன வழி

துனிசியாவைத் தொடர்ந்து எகிப்தும் எழுந்தது. 2011 பிப்ரவரி 11ஆம் தேதி ஹோஸ்னி முபாரக் பதவி விலகினார். 2012ஆம் ஆண்டு நடந்த தேர்தலில் முகமட் முர்சி அதிபரானார். ஆனால் அதே ஆண்டு நவம்பரில், தம்முடைய ஆணைகளை எந்த நீதிமன்றமும் கேள்வி கேட்க முடியாது என்று அவர் அறிவித்தார். நாடு இரண்டுபட்டது. 2013 ஜூலை 3ஆம் தேதி இராணுவம் அவரை அகற்றியது.

அதே மாதத்தில் துனிசியாவும் அந்த விளிம்புக்கு வந்து நின்றது. 2011 அக்டோபர் தேர்தலில் 217 இடங்களில் 89 இடங்களை வென்ற என்னாஹ்டா என்னும் இஸ்லாமியக் கட்சி, இரண்டு சமயச் சார்பற்ற கட்சிகளுடன் சேர்ந்து ஆட்சி நடத்திக்கொண்டிருந்தது. 2013 பிப்ரவரியில் எதிர்க்கட்சித் தலைவர் சுக்ரி பெலாயிட் சுட்டுக் கொல்லப்பட்டார். ஜூலை 25ஆம் தேதி மற்றொரு தலைவரான முகமட் பிராமியும் கொல்லப்பட்டார். வீதிகள் கொந்தளித்தன.

அந்த நேரத்தில் நாட்டைக் காப்பாற்ற முன்வந்தவை நான்கு அமைப்புகள்: தொழிற்சங்கம், முதலாளிகள் சங்கம், மனித உரிமைக் கழகம், வழக்கறிஞர் மன்றம். சம்பள உயர்வுக்காக எதிரெதிரே அமர்ந்து வாதிடும் தொழிற்சங்கமும் முதலாளிகளும் ஒரே பக்கத்தில் அமர்ந்து கட்சிகளைப் பேச வைத்தனர். என்னாஹ்டா ஆட்சியை விட்டு இறங்க ஒப்புக்கொண்டது. 2015ஆம் ஆண்டு அமைதிக்கான நோபல் பரிசு இந்த நால்வர் அணிக்குக் கிடைத்தது குறிப்பிடத்தக்கது.

அந்தச் சமரசத்தின் கனியாக, 2014 ஜனவரி 26ஆம் தேதி புதிய அரசியலமைப்புச் சட்டம் நிறைவேறியது. 217 உறுப்பினர்களில் 200 பேர் ஆதரித்து வாக்களித்தனர். மனச்சாட்சிச் சுதந்திரம், ஆண் பெண் சமத்துவம் எல்லாம் அதில் இடம்பெற்றன. உலகமே பாராட்டியது.

எழுதப்பட்டது, அமைக்கப்படவில்லை

அந்தச் சட்டத்தில் மற்றோர் ஏற்பாடும் இருந்தது. அரசியலமைப்பு நீதிமன்றம் ஒன்றை, நாடாளுமன்றத் தேர்தல் நடந்து ஓராண்டுக்குள் அமைக்க வேண்டும். அதில் 12 பேர். நால்வரை நாடாளுமன்றமும், நால்வரை நீதித்துறை உயர்மன்றமும், நால்வரை அதிபரும் தேர்ந்தெடுக்க வேண்டும். அதிபருக்கும் நாடாளுமன்றத்துக்கும் தகராறு வந்தால் தீர்த்து வைக்கும் நடுவர் இந்த நீதிமன்றம்தான்.

தேர்தல் 2014 அக்டோபரில் நடந்தது. ஓராண்டு கடந்தது. பிறகு மேலும் பல ஆண்டுகள் கடந்தன. நீதிமன்றம் மட்டும் வரவில்லை.

காரணம் என்ன? நாடாளுமன்றம் ஒருவரைத் தேர்ந்தெடுக்க மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 145 வாக்குகள் தேவை. ஒவ்வொரு கட்சியும் தனக்கு வேண்டியவர் உள்ளே போக வேண்டும், மற்றவருக்கு வேண்டியவர் போகக்கூடாது என்று கணக்குப் போட்டது. வாக்கெடுப்பு பலமுறை நடந்தும், 2018ஆம் ஆண்டில் ஒரே ஒருவர்தான் தேறினார். அன்று ஆட்சியில் இருந்தவர்களுக்கு இது அவசரமாகவும் தெரியவில்லை. தங்களைத் தட்டிக்கேட்கும் நடுவரை அழைத்துவர எந்தக் கட்சிதான் ஓடோடி வரும்?

இதற்கிடையே மக்கள் கேட்ட முதல் பொருளான வேலையும் கிடைக்கவில்லை. 2015ஆம் ஆண்டு பார்டோ அரும்பொருளகத்திலும் சூஸ் கடற்கரையிலும் நடந்த பயங்கரவாதத் தாக்குதல்களால் சுற்றுப்பயணத் துறை படுத்துவிட்டது. 2016ஆம் ஆண்டு அனைத்துலகப் பண நிதியத்திடம் ஏறத்தாழ 290 கோடி டாலர் கடன் ஏற்பாடு செய்யப்பட்டது. கடனோடு சிக்கன நடவடிக்கைகளும் வந்தன. 2018 ஜனவரியில் விலையேற்றத்தை எதிர்த்து மக்கள் மீண்டும் வீதிக்கு வந்தனர். அரசாங்கங்கள் மாறி மாறி வந்தன. பட்டம் பெற்ற இளைஞர்களின் நிலை மட்டும் மாறவில்லை. கட்சிகள் மீது மக்களுக்கிருந்த நம்பிக்கை கரைந்துபோனது.

சட்ட விரிவுரையாளரின் கையில்

அந்த வெறுப்பு அலையில் 2019 அக்டோபரில் அதிபரானவர் காயிஸ் சாயிட். எந்தக் கட்சியையும் சாராதவர். 70 விழுக்காட்டுக்கு மேற்பட்ட வாக்குகளைப் பெற்றார். பல்கலைக்கழகத்தில் அவர் கற்பித்த பாடம் அரசியலமைப்புச் சட்டம்!

2021ஆம் ஆண்டு நாடாளுமன்றம் கண் விழித்தது. நீதிமன்ற உறுப்பினர் தேர்வை எளிதாக்க, தேவையான வாக்குகளைக் குறைத்துச் சட்டத் திருத்தம் கொண்டுவந்தது. அதிபர் சாயிட் கையெழுத்திட மறுத்தார். காலக்கெடு எப்போதோ முடிந்துவிட்டது என்பது அவருடைய வாதம். தாமதம் செய்தவர்கள் வாயடைத்துப் போனார்கள்.

2021 ஜூலை 25, குடியரசு நாள். கோவிட் தொற்று உச்சத்தில் இருந்தது, மருத்துவமனைகள் திணறின. அன்றிரவு அதிபர், அரசியலமைப்பின் 80ஆவது விதியைக் காட்டிப் பிரதமரை நீக்கினார், நாடாளுமன்றத்தை முடக்கினார். மறுநாள் விடியற்காலையில் நாடாளுமன்ற சபாநாயகர் ராஷிட் கன்னூசியை இராணுவம் வாசலிலேயே தடுத்து நிறுத்தியது.

80ஆவது விதியின்படி, நெருக்கடி நிலை தொடர வேண்டுமா என்று 30 நாள்களுக்குப் பிறகு அரசியலமைப்பு நீதிமன்றத்திடம் கேட்க இடமிருந்தது. நெருக்கடி காலத்தில் நாடாளுமன்றம் கூடியே இருக்க வேண்டும் என்றும் அதே விதி சொன்னது. அதிபர் செய்தது சரியா தவறா என்று யாரிடம் போய்க் கேட்பது? கேட்பதற்கு நீதிமன்றமே இல்லை.

அதன்பின் எல்லாம் வேகமாக நடந்தன. 2022 பிப்ரவரியில் நீதித்துறை உயர்மன்றம் கலைக்கப்பட்டது. ஜூனில் 57 நீதிபதிகள் நீக்கப்பட்டனர். ஜூலை 25ஆம் தேதி புதிய அரசியலமைப்பு மக்கள் வாக்கெடுப்பில் நிறைவேறியது. வாக்களிக்க வந்தவர்கள் ஏறத்தாழ 30 விழுக்காட்டினர். 2023 ஏப்ரலில் கன்னூசி கைது செய்யப்பட்டார். 2024 அக்டோபரில் சாயிட் 90 விழுக்காட்டுக்கு மேற்பட்ட வாக்குகளுடன் மீண்டும் வென்றார். அப்போதும் வாக்களிக்க வந்தவர்கள் 30 விழுக்காட்டைத் தாண்டவில்லை.

நீதிமன்றம் இருந்திருந்தால் எல்லாம் நல்லபடி நடந்திருக்கும் என்று அடித்துச் சொல்ல முடியாது. இராணுவ வாகனம் வாசலில் நிற்கும்போது தீர்ப்பு எவ்வளவு தூரம் எடுபடும்? மேலும், அந்த ஜூலை இரவில் மக்களில் பலர் வீதிக்கு வந்து ஆரவாரம் செய்தார்கள் என்பதையும் மறைப்பதற்கில்லை. வேலை தராத நாடாளுமன்றத்துக்காக அவர்கள் ஏன் கண்ணீர் விட வேண்டும்?

ஆனால் ஒன்று உறுதி. நிதானமாக இருந்த காலத்தில் அமைக்காத நடுவரை நெருக்கடி வந்த இரவில் அமைக்க முடியாது. அந்த இரவில் வழக்குத் தொடுக்க ஓர் இடமாவது இருந்திருந்தால், கட்சிகளுக்கு வாதிட வழி இருந்திருக்கும். அதிபருக்கும் ஒரு தயக்கம் இருந்திருக்கும்.

பென் அலி ஓடிய ஜனவரி 14தான் நெடுநாள் புரட்சி நாளாகக் கொண்டாடப்பட்டது. 2021 டிசம்பரில் அதிபர் சாயிட் அதை மாற்றினார். புவாசிசி தீக்குளித்த டிசம்பர் 17தான் இனிப் புரட்சி நாள் என்றார். நாள் மாறிவிட்டது. ஆனால் பறிகொடுத்த தராசுக்கு நியாயம் கேட்டு அந்த இளைஞர் வாசலில் நின்றாரே, அவருடைய முறையீட்டைக் கேட்க வேண்டிய இடம் இன்னும் காலியாகவே இருக்கிறது.