வீக்கத்துக்கு மஞ்சள்: பத்திலிருந்து தாடை மூட்டு வரை

சுளுக்குக்கும் அடிபட்ட வீக்கத்துக்கும் மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பத்துப் போடுவது தமிழ்நாட்டு வீடுகளின் பழைய கைவைத்தியம். மஞ்சள்தூளில் நீர் விட்டுச் சுண்ணாம்பைச் சேர்த்ததும் கலவை சிவந்துவிடும். சுண்ணாம்பின் காரம் பட்டு மஞ்சளின் நிறமி மாறுவதே இதற்குக் காரணம். மஞ்சளிலிருந்து குங்குமம் செய்வதும் இந்த முறையில்தான். அந்த நிறமிதான் குர்குமின். மூட்டுக் குருத்தெலும்பை அழற்சியிலிருந்து காக்கக்கூடிய தாவரப் பொருள்களைத் தேடும் ஆய்வாளர்கள் அதிகம் எடுத்துப் பார்த்த பொருள்களில் அதுவும் ஒன்று.

மஞ்சள் இஞ்சிக் குடும்பத்தைச் சேர்ந்தது. அதற்கு முளைக்கும் விதை பிடிப்பதில்லை. கிழங்கை வெட்டி நட்டால்தான் அடுத்த பயிர். தலைமுறை தலைமுறையாக உழவர்கள் விதைக்கிழங்கை எடுத்துவைத்து நட்டு வந்ததால்தான் இந்தச் செடி இன்று நம்மிடம் இருக்கிறது. சங்க நூலான மதுரைக்காஞ்சி, குறிஞ்சி நிலத்தின் விளைபொருள்களில் இஞ்சி, மஞ்சள், மிளகு மூன்றையும் சேர்த்தே சொல்கிறது.

தமிழகத்தில் மஞ்சளுக்குப் பேர்போன ஊர் ஈரோடு. வைகாசி, ஆனியில் நட்ட பயிர் ஏறக்குறைய 9 மாதத்தில் வெட்டுக்கு வரும். தோண்டிய கிழங்கை விரலி, கிழங்கு என்று பிரித்துக் கொப்பரையில் வேகவைப்பார்கள். நுரை பொங்கி, மணத்தோடு வெள்ளை ஆவி எழும். குச்சியால் குத்தினால் இலகுவாக இறங்க வேண்டும். அதுதான் பதம். பிறகு களத்தில் 10 முதல் 15 நாள் வெயில். நன்றாகக் காய்ந்த விரலி ‘டக்’கென்று ஒடியும். 100 கிலோ பச்சை மஞ்சள் காய்ந்தால் 20 கிலோ அளவுக்குத்தான் தேறும். உருளையில் போட்டுச் சுழற்றி மெருகேற்றிய பிறகே அது மண்டிக்குப் போகும். ஈரோடு மஞ்சளுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதில் குர்குமின் அளவு 2.5 முதல் 4.5 விழுக்காடு வரை.

அந்த நிறமியை முதலில் பிரித்தெடுத்தவர்கள் வோகலும் பெல்லெட்டியேவும், ஆண்டு 1815. அதன் வேதியமைப்பு தெரிய மேலும் 95 ஆண்டுகள் ஆயின. 1910-ல் மிலோபென்ட்ஸ்கா, கொஸ்தநெட்ஸ்கி, லாம்பே ஆகியோர் அதைக் கண்டறிந்தனர். 1913-ல் ஆய்வகத்திலேயே அதைத் தயாரிக்கவும் முடிந்தது.

அழற்சியைத் தணிக்கும் குணத்தை விலங்குகளிடம் முறையாகச் சோதித்த ஆய்வுகள் 1970-களின் தொடக்கத்தில் இந்தியாவில் வெளிவந்தன. 1980-ல் முடக்குவாத நோயாளிகள் 18 பேருக்கு இரண்டு வாரம் குர்குமின் கொடுத்துப் பார்த்தனர். காலை நேர மூட்டு இறுக்கமும் வீக்கமும் குறைந்தன. அழற்சியைத் தூண்டும் மரபணுக்களை இயக்கும் என்எஃப்-கப்பா-பி என்ற புரதத்தைக் குர்குமின் தடுக்கிறது என்று 1995-ல் சிங்கும் அகர்வாலும் காட்டினர். அதே ஆண்டில் அமெரிக்காவில், காயம் ஆற்ற மஞ்சளைப் பயன்படுத்துவதற்கே காப்புரிமை வழங்கப்பட்டது. பாட்டிமார் கைவைத்தியத்தைப் புதுக் கண்டுபிடிப்பாகக் காட்டிய அந்த உரிமையை, இந்திய அறிவியல் தொழில் ஆய்வுக் குழுமம் பழைய நூல்களைச் சான்றாக வைத்து எதிர்த்தது. 1997-ல் அது ரத்தானது.

குர்குமின் குருத்தெலும்பைக் காக்குமா என்று ஆராயப்பட்ட மூட்டுகளில் ஒன்று தாடை மூட்டு. அது காதுக்கு முன்னால், இரு பக்கமும் இருக்கிறது. வாயைத் திறக்கும்போது அங்கே விரலை வைத்தால் எலும்பு முனை நகர்வதை உணரலாம். எலும்பு முனைகளுக்கு நடுவே ஒரு தட்டு உண்டு. முனைகளை மூடியிருப்பது, முழங்கால் மூட்டில் இருப்பதைவிட நார் மிகுந்த குருத்தெலும்பு. அதில் இரத்தக் குழாய் இல்லாததால், ஒருமுறை தேய்ந்தால் எளிதில் ஆறாது. அழற்சி வந்தால் இன்டர்லூகின்-1 பீட்டா போன்ற பொருள்கள் சுரந்து, குருத்தெலும்பு செல்களில் என்எஃப்-கப்பா-பியைக் கிளப்பிவிடுகின்றன. உடனே அந்தச் செல்கள், தாங்கள் கட்டிய கொலாஜன் வலையைத் தாங்களே அரிக்கும் நொதிகளை வெளிவிடுகின்றன. தாடை மூட்டுச் செல்களை ஆய்வகத்தில் வளர்த்து, இன்டர்லூகினோடு குர்குமினும் கொடுத்தபோது இந்த அரிப்பு தணிந்தது. செல்லின் சொந்தத் தற்காப்பை எழுப்பும் என்ஆர்எஃப்-2 என்ற புரதமும் அதற்குத் துணைபுரிவதாக 2020-ல் வெளியான ஆய்வு காட்டியது.

ஆய்வகக் கிண்ணத்தில் நடப்பதெல்லாம் உடம்பில் அப்படியே நடந்துவிடாது. குர்குமின் நீரில் கரையாது. குடலில் குறைவாகவே உறிஞ்சப்படும். உறிஞ்சப்பட்டதையும் கல்லீரல் விரைவில் மாற்றி வெளியேற்றிவிடும். 1998-ல் பெங்களூரில் நடந்த ஆய்வில், 2 கிராம் குர்குமினோடு மிளகின் பைப்பரின் 20 மில்லிகிராம் சேர்த்தபோது உடம்பில் சேரும் அளவு 20 மடங்கு கூடியது. மதுரைக்காஞ்சி அடுத்தடுத்துச் சொன்ன மஞ்சளும் மிளகும் ரசத்திலும் பாலிலும் வெகுகாலமாகச் சேர்ந்தே இருப்பவை.

முழங்கால் மூட்டுத் தேய்வுக்கு மனிதரிடம் ஓரளவு சான்று கிடைத்திருக்கிறது. தாய்லாந்தில் 367 பேரிடம் நடந்து 2014-ல் வெளியான ஆய்வில், மஞ்சள் சாறு ஐபுபுரூஃபெனுக்கு நிகராக வலியைக் குறைத்தது. தாடை மூட்டைப் பொறுத்தவரை சான்றில் பெரும்பகுதி செல்களிலும் விலங்குகளிலும் கிடைத்ததே. சமையல் மஞ்சளுக்கும் செறிவூட்டிய மாத்திரைக்கும் அளவில் பெரிய வேறுபாடு உண்டு. அத்தகைய மாத்திரைகளால் சிலருக்குக் கல்லீரல் பாதிக்கப்பட்டிருக்கிறது. இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் அவற்றை உட்கொள்ளக் கூடாது.